மருந்தில்லாத படலம்

வேதியியல் ஆராய்ச்சி என்பது, நமக்கே புரியாத ஒன்றை, புரிந்துவிட்ட முகத்தோடு மற்றவர்களுக்கு விளக்கிச் சம்பளம் வாங்கும் தொழில். வெள்ளைக் கோட்டு மாட்டியவர்களுக்கு நான் சொல்வது தெரியும். மாட்டாதவர்களும் கவலைப்பட வேண்டாம். அலுவலகக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து "என்னதான் சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருந்தால் போதும், நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் மதுரையில் படித்து, சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வலியைத் தடுக்கும் மருந்தை மெல்லிய பாலிமர் படலத்துக்குள் வைக்க வேண்டும். படலத்தைத் தோலில் ஒட்டினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வலியை நிறுத்த வேண்டும். என் வேலை இவ்வளவுதான். இது நடந்தால் என் வேலை ஒப்பந்தம் நீளும், நடக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பதைப் பேராசிரியர் முதல் நாளே மிகவும் இனிமையாகச் சொல்லிவிட்டார்.

எல்லாருக்குள்ளும் ஒரு மணி

ஆங் மோ கியோ வட்டாரத்தில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவர் ஜமீலா லாத்தா. அவர்கள் வீட்டு வழக்கத்தில் அக்காவுக்கு லாத்தா, அண்ணனுக்கு நானா. அதனால் அவருடைய கணவர் யூசுப், எனக்கு யூசுப் நானா ஆனார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தாத்தா காலத்திலிருந்தே இங்கே கடை வைத்திருக்கும் குடும்பம். அறையைப் பார்க்கப் போன அன்று, என்ன வேலை என்று லாத்தா கேட்டார். வலி ஆராய்ச்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே அவருடைய வலது முழங்கால் எனக்கு எதிரே ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அந்த டாக்டர் இல்லை, வேறு மாதிரி டாக்டர் என்று புரியவைப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு என் தொழிலை ஒரு மணியின் கதையாகச் சொன்னேன். நம் நரம்பு நுனிகளில் ஒரு மணி இருக்கிறது. சுடுதண்ணீர் பட்டால் அது அடிக்கும், நாம் கையை இழுத்துக்கொள்வோம். மிளகாயின் காரச் சத்தும் அதே மணியைத்தான் அடிக்கிறது. அதனால்தான் ஆறிப்போன சம்பால், அதாவது மிளகாய்த் துவையல்கூட வாயைச் சுடுகிறது. சில நோய்களில், சூடும் இல்லாமல் காரமும் இல்லாமல், அந்த மணி தானாக அடித்துக்கொண்டே இருக்கும். அதன் நாக்கைப் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் மருந்து. அதை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று லாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பில் உள்ள எல்லா மணியும் நின்றுவிட்டால் கொதிக்கிற தேத்தண்ணிகூடச் சூடு தெரியாமல் உள்ளே போய்விடும், அதனால்தான் வலிக்கிற இடத்தில் மட்டும் ஒட்டுகிற படலம் என்றேன். இவ்வளவு தெளிவாக நான் எங்கேயும் பேசியதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வோடு லாத்தா கேட்டார்.

"அப்ப இத்தன வருஷமா சம்பால் சாப்பிட்டு வாய் சுடுதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யா புள்ள? ஒருத்தரும் சொல்லலியே லா."

கேமராவுக்கு அப்புறம்தான்

படலம் செய்வது தோசை வார்க்கிற மாதிரிதான். பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மெல்லிசாக இழுத்து, காயவிட்டு உரிக்க வேண்டும். செய்முறையைப் பேராசிரியர் ஏதோ ஒரு குளிர்நாட்டில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அங்கே காய்ந்தால் காய்ந்ததுதான். இங்கே கதவை யாராவது திறந்தால் ஈரக்காற்றைக் குடித்து உப்பும், மூடினால் ஏசியில் காய்ந்து சுருளும். எங்கள் பாலிமருக்குத் தண்ணீரும் கொஞ்சம் பிடிக்கும், எண்ணெயும் நிறையப் பிடிக்கும். தோலில் ஒட்ட அப்படி ஒன்று தேவை என்று செய்முறையில் எழுதியிருந்தது. எழுதியவர் சிங்கப்பூருக்கு வந்ததில்லை போலும்.

ஈரத்தால் படலம் மட்டும் கஷ்டப்படவில்லை. எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி பனி மூடிவிடும். ஆய்வுக்கூடத்தில் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம். கண்ணாடி போட்டவர்கள் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். கடைசியில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு மாறினேன். படலத்துக்கும் ஏதாவது வழி கிடைக்காதா என்று ஷாமினியைக் கேட்டேன். ஷாமினி இங்கேயே பிடோக் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பெண், எங்கள் கூடத்தில் செல்களை வளர்ப்பவள். பக்கத்துக் கூடத்தில் ஈரம் புகாத அலமாரி ஒன்று இருப்பதாகச் சொல்லி, அவளே அழைத்துக்கொண்டும் போனாள். திறந்து பார்த்தால் எல்லாத் தட்டிலும் விதவிதமான கேமரா லென்ஸ்கள். அங்கே யாரோ ஒருவருக்குப் பறவைகளைப் படம் எடுக்கும் பழக்கமாம்.

"போன வருஷத்துலேர்ந்து இது கேமராவோட வீடு லா, அக்கா. நம்ம ஃபிலிம் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்தான்."

விற்பதும் அதே, தடவுவதும் அதே

யூசுப் நானாவுக்கு, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் மசாலாக் கடை. மிளகாய், மல்லி, மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பார். சில மாதங்களுக்கு முன்னால் அவருக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. சட்டை உரசினாலே நெருப்பு வைத்தது போல் இருக்கிறது என்பார். அதனால் எந்நேரமும் இரண்டு விரலால் சட்டையின் இடது பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே இருப்பார். பாக்கெட் கட்டும்போது மட்டும் விடுவார், அப்போது முகம் சுருங்கும். வாடிக்கையாளர்கள் அதை அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் முதலில் மாத்திரை கொடுத்தார், பிறகு ஒரு களிம்பு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்த டியூபை என் முன்னால் வைத்து, இதில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னார் நானா. படித்தேன். மிளகாயின் காரச் சத்து. ஆமாம் நானா, மணியை அடித்து அடித்து ஓயவைத்துவிட்டால் அது அலுத்துப்போய் நின்றுவிடும் என்றேன். அப்படியானால் உங்கள் பிளாஸ்டர் என்ன செய்யும் என்றார். எங்களுடையது மணியை அடிக்கவே விடாது என்றேன். ஒருவர் அடித்து ஓயவைக்கிறார், இன்னொருவர் பிடித்து நிறுத்துகிறார், இரண்டாலும் வலி போகும் என்று சொல்லி முடித்தபோது நானே குழம்பிப்போயிருந்தேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். முதலில் செல், அப்புறம் எலி, அப்புறம்தான் மனிதர்கள், வருஷக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிப்பதுபோல், பிளாஸ்டர் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். டியூபை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கு அவர் சொன்னது இது:

"பகல் பூரா மொளகா விக்கிறேன், வீட்டுக்கு வந்து அதையே காசு குடுத்து வாங்கித் தடவுறேன். இதுல யாரு யாரை ஏமாத்துறாங்கன்னு மட்டும் சொல்லும்மா."

மூன்று தட்டுகள்

ஒருவழியாகப் படலம் சுருளாமல் வந்தது. இனிச் சோதனை. ஷாமினி வளர்க்கும் செல்களுக்கு அந்த மணி உண்டு. சின்னத் தட்டில் அவற்றை வைத்து, காரச் சத்தைச் சொட்டுவிட்டால் மணி அடிக்கும். அடித்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். செல்களுக்கு மேலே எங்கள் படலத்தைப் போட்டு வைத்தால், மருந்து கசிந்து மணியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை சொட்டு விட்டாலும் ஒளிரக் கூடாது. கணக்கு இவ்வளவு சுலபம்.

முதல் தட்டில் படலமே இல்லை. சொட்டு விட்டதும், தீபாவளிக்குத் தேக்கா தெருவில் விளக்குப் போட்ட மாதிரி திரை முழுக்கப் பச்சை. இரண்டாவது தட்டில் மருந்து வைத்த படலம். சொட்டு விட்டோம். இருட்டு. காத்திருந்தோம். இருட்டேதான். ஷாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானா இரண்டு விரலை எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுவது என் கண்ணில் தெரிந்தது. மூன்றாவது தட்டில் மருந்தில்லாத வெறும் படலம். அது சடங்குக்குத்தான், ஒளிர்ந்தே ஆக வேண்டும். சொட்டு விட்டோம். அதுவும் இருட்டு.

படலங்கள் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் புதிதாகச் செய்தோம், அதே இருட்டு. அதற்கு மறுநாள் பேராசிரியரே வந்து எங்களோடு இருட்டறையில் நின்றார். சீனர், அதிர்ந்து பேசாதவர், வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மருந்து வைத்தாலும் வேலை செய்கிறது, வைக்காவிட்டாலும் வேலை செய்கிறது. அப்படியென்றால் நாம் எதற்கு மருந்து செய்துகொண்டிருக்கிறோம்?"

டாக்சி அங்கிள்

பாலிமரிலேயே ஏதோ விஷம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. வெறும் படலத்தை வேறொரு கட்டடத்தில் கழுவிச் சோதிக்க எடுத்துப்போனேன். நல்ல மழை. டாக்சியில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏசி காற்று பெட்டிமேல் படாமல் திருப்பச் சொன்னேன், வளைவில் மெதுவாகப் போகச் சொன்னேன், ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றேன். ஓட்டியவர் ஒரு தமிழ் அங்கிள். உள்ளே என்ன என்று கேட்டார். மெல்லிய பிளாஸ்டிக் மாதிரி ஒன்று என்றேன். அதற்குள் என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாததுதான் முக்கியம் என்றேன். இறங்கும் வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என் பேரப்பிள்ளையைக்கூட நாங்க இவ்ளோ பத்திரமா கொண்டுபோனதில்லம்மா. ஒண்ணுமே இல்லாததுக்கா இந்தப் பாடு?"

யாருக்கு மூடு இல்லை

அடுத்த சில வாரங்களை நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. ஒரு நிறுவனத்தார் எங்கள் படலத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால்தான் திட்டத்துக்குப் பணம், பணம் வந்தால்தான் என் ஒப்பந்தம். எங்கள் கையிலோ மூன்று தட்டும் ஒரு குழப்பமும்தான். படலம் செல்களைக் கொல்கிறதா? படலத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் சொட்டு விட்டால் செல்கள் ஜம்மென்று ஒளிர்ந்தன, அதனால் உயிரோடுதான் இருந்தன. பாலிமரிலிருந்து ஏதாவது கசிகிறதா? ஊறப்போட்டு, கழுவி, மறுபடி கழுவிப் பார்த்தோம். இருட்டு. கண்ணாடித் தட்டை மாற்றினோம், கையுறையை மாற்றினோம், செல்களை ஒளிரவைக்கும் சாயத்தை மாற்றினோம். இருட்டு, இருட்டு, இருட்டு.

பொருள்கள் தீர்ந்தபின் ஆட்களைச் சந்தேகப்படுவதுதான் மனித இயல்பு. ஷாமினி சொட்டுவிடும்போது கை நடுங்குகிறதோ என்று நான் அவளுக்குத் தெரியாமல் பார்த்தேன். நான் படலம் வார்க்கும்போது என்ன கலக்கிறேன் என்று அவள் எனக்குத் தெரியாமல் பார்த்தாள். கேன்டீனில் தனித்தனி மேசையில் சாப்பிட்டோம். ஒரு சாயங்காலம் நானாவின் கடைக்குப் போகக் கிளம்பி, டோபி காட் நிலையத்தில் இறங்கி ரயில் மாற வேண்டியவள், வண்டி கடைசி நிலையத்துக்கு வந்து மறுபடி வந்த வழியே கிளம்பியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் ஷாமினியிடம் நேராகவே கேட்டேன், உன் செல்களுக்கு என்னதான் பிரச்சினை என்று. கோபமாகத்தான் கேட்டேன். அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"செல்லுக்கு மூடு இல்ல அக்கா. எனக்கும் மூடு இல்ல. பேசாம எல்லாரும் டாக்டர்கிட்ட லீவுக்கு எம்சி வாங்கிக்கிட்டு வீட்டுல இருப்போமா?"

ஞாயிற்றுக்கிழமை சம்பால்

அந்த ஞாயிற்றுக்கிழமை லாத்தா வீட்டுக்கு உறவினர்கள் வருவதாக இருந்தது. சம்பாலுக்குச் சிவப்பு மிளகாய் ஒரு கூடை. அரிந்து விதை எடுக்கிற வேலை எனக்கு. முடித்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினேன், பாத்திரம் கழுவுகிற திரவத்தில் கழுவினேன், எண்ணெய் தேய்த்தும் கழுவினேன். ஒரு வேதியியல்காரி காரத்தை எப்படிக் கழுவ வேண்டுமோ அப்படிக் கழுவினேன். சாயங்காலம் லென்ஸைக் கழற்றும்போது கண் லேசாகக் கரித்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு, லென்ஸைப் புதுத் திரவத்தில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் வலது லென்ஸை வைத்தேன். அப்புறம் நடந்ததை லென்ஸ் போடுகிற, மிளகாய் அரிகிற எல்லாரும் அறிவீர்கள். நான் போட்ட சத்தத்தில் லாத்தா ஓடிவந்து, என் தலையைக் குழாய்க்கடியில் பிடித்தார். லென்ஸைப் பிடுங்கி எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணில் தண்ணீர் ஊற்ற, இன்னொரு கண்ணால் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்கத் திரவத்தில் ஊறியிருக்கிறாய், ஏன் காரத்தை விடவில்லை? கேட்டு முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. காரம் திரவத்துக்குப் போகவே இல்லை. லென்ஸ் அதைக் குடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. லென்ஸ் என்பது என்ன? தண்ணீரும் பிடிக்கும், எண்ணெயும் பிடிக்கும் ஒரு மெல்லிய பாலிமர் படலம். நான் வாரக்கணக்கில் மாரடித்துக்கொண்டிருந்த சாமான் என் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். லாத்தா பயந்துபோய்க் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. கண்ணு எரியுதுன்னு அழுவுறவங்களப் பார்த்திருக்கேன், எரியுதுன்னு சிரிக்கிறவள இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

காரம் போன இடம்

பனி மூடிய பழைய மூக்குக்கண்ணாடியோடு அன்று ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். காரச் சத்து கலந்த திரவத்தில் ஒரு வெறும் படலத்தைப் போட்டேன். சற்று நேரம் கழித்துத் திரவத்தை மட்டும் எடுத்து, அதில் எவ்வளவு காரம் மிச்சம் என்று இயந்திரத்தில் அளந்தோம். அநேகமாக ஒன்றும் இல்லை. எல்லாம் படலத்துக்குள் போய்விட்டிருந்தது. செல்களின் மணியை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. அடிக்க வேண்டிய மிளகாய் அதுவரை வந்து சேரவே இல்லை, வழியில் படலம் குடித்துவிட்டது. ஷாமினியும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அன்று மதியம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

சந்தோஷம் அந்தச் சாப்பாடு வரைக்கும்தான். காரத்தை விடாத படலம் மருந்தை மட்டும் விடுமா என்ற கேள்வி ஷாமினிக்குத்தான் முதலில் வந்தது. மருந்து வைத்த படலத்தை வெறும் திரவத்தில் போட்டுப் பார்த்தோம். கசிய வேண்டியது கசியவில்லை. கையில் கிடைத்ததை விடாத ரகம் எங்கள் படலம். அப்படியானால் இதுநாள் வரை எங்கள் மருந்து ஒரு மணியைக்கூடத் தொட்டதில்லை. குழப்பம் தீர்ந்தால் நிம்மதி வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வரவில்லை. ஷாமினி கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஸோ அக்கா, நாம வலிய நிறுத்தவே இல்ல. மொளகாய ஒளிச்சு வச்சுக்கிட்டு, வலி இல்ல, எல்லாம் ஓகேன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம் லா."

விருந்தாளி கேட்டது

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். நிறுவனத்தார் அந்த வாரமே வருகிறார்கள். மருந்து வைத்த படலத்தின் இருட்டுப் படத்தை மட்டும் காட்டினால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்று தட்டையும் அதே வரிசையில் காட்டு, லென்ஸ் கதையையும் சொல், என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை, என்னைப் பேசவிட்டுத் தான் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார் என்றபோதும்.

பேசினேன். வந்திருந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி. சிவப்புப் பேனா வைத்திருந்தார், சிரிக்கவே இல்லை. முடித்ததும் ஊருக்குக் கிளம்பும் கணக்கைப் போடத் தொடங்கினேன். புத்தகங்களைக் கப்பலில் அனுப்புவதா, யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவதா என்று நான் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நிறுவனம் நரம்பு வலிக்குக் காரச் சத்தையே அதிக அளவில் பிளாஸ்டராகத் தோலில் ஒட்டும் வேலையைச் செய்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஒட்டியதை உரித்தபின் தோலில் மீந்துவிடும் காரம் நர்ஸின் கைக்குப் போய், கையிலிருந்து கண்ணுக்குப் போய்ப் படுத்தும் பாடும், துடைக்கத் துடைக்க அது பரவுவதும் அன்றைக்கு அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெண்மணி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:

"மருந்தில்லாத படலத்தை மட்டும் எங்களுக்கு அனுப்ப முடியுமா?"

நானா கேட்டது

ஒப்பந்தம் நீண்டது. வலியை நிறுத்தியதற்காக அல்ல, மிளகாயைக் குடிக்கிற ஒரு வெறும் படலத்துக்காக. வலி மருந்தை வேறொரு படலத்தில் வைத்து முதலிலிருந்து தொடங்கவும் அனுமதி கிடைத்தது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று தேக்காவில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். லாத்தா ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தார். அந்த நேரத்தில் நானா கடையிலிருந்து வந்தார். லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளாஸ்டர் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் விசாரிக்கவில்லை. அப்ப பிளாஸ்டர் வேலை செய்யுதா என்று கேட்டார். கேட்கும்போதும் இரண்டு விரல் சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வாயில் இருந்த லட்டை அவசரமாக விழுங்கினேன்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் படலம் வலியை நிறுத்தவில்லை நானா, மிளகாயை மட்டும் குடித்திருக்கிறது. உங்கள் விலாவுக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, களிம்பு தடவிய விரலைத் துடைக்க வேண்டுமானால் உதவும். இனி வேறு படலம் தேட வேண்டும். அது வேலை செய்யுமா என்று தெரியவில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. வருமா என்றே தெரியவில்லை. லாத்தா பின்னாலிருந்து என்னை முறைத்தார், ஆறுதலாக ஏதாவது சொல்லேன் என்பது போல். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, அழுகைதான் வந்தது. நானா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லட்டில் பாதியைப் பிட்டுச் சாப்பிட்டார். மீதிப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"எத்தனையோ பேரு வந்து இதப் போடுங்க, அதப் போடுங்க, சரியாயிரும்னு சொல்லிட்டுப் போனாங்கம்மா. எதிர உக்காந்து தெரியலன்னு சொன்னது நீ ஒருத்திதான். நாளைக்கும் கேப்பேன், தெரியலன்னா தெரியலன்னே சொல்லு."

அவர் தினமும் கேட்கிறார், நானும் தினமும் சொல்கிறேன். ஆகவே, தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து குழம்புகிற என் சக துன்பவாசிகளே, இத்தனை படிப்புக்கும் பிறகு நான் அடித்துச் சொல்லக்கூடியது மிளகாய் அரிந்த கையால் லென்ஸைத் தொடாதீர்கள் என்பது ஒன்றுதான், வேறு எதைக் கேட்டாலும் தெரியல.